மகளிர் கல்லூரி: வழியும் இலக்கும்

அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் மதீனத்துப் பெண்கள் ஒரு முறையீட்டைக் கொண்டு வந்தனர். நபியவர்களைச் சூழ்ந்து எப்போதும் ஆண்களே அமர்ந்திருப்பதால் தங்களுக்கு உரிய வாய்ப்புக் கிட்டவில்லை என்றும், தங்களுக்கென ஒரு நாளை ஒதுக்கித் தர வேண்டும் என்றும் அவர்கள் கேட்டனர். நபியவர்கள் அதற்கு இசைந்து ஒரு நாளைக் குறித்தார்கள். அந்நாளில் அவர்களைச் சந்தித்து அறிவுரை வழங்கினார்கள். குழந்தைகளைப் பறிகொடுத்த தாய்மார்க்கு ஆறுதலான ஒரு நற்செய்தி அந்த அவையில் சொல்லப்பட்டது. மூன்று குழந்தைகளை இழந்தவளைக் குறித்து அது சொல்லப்பட்டதும், இருவரை இழந்தவளுக்கும் அது பொருந்துமா என ஒரு பெண் உடனே கேட்டார். பொருந்தும் என விடை கிடைத்தது. அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்கள் வாயிலாக வரும் இச்செய்தியை இமாம் புகாரீ (ரஹ்) தம் ஸஹீஹில் கல்விக்குரிய பகுதியிலேயே இடம்பெறச் செய்துள்ளார்கள்.

இதில் கருதத்தக்கவை இரண்டு. பெண்களுக்கெனத் தனி அவை ஒன்று பெண்களே கேட்டுப் பெற்றது. கூடுதலாகக் கற்கவும் தடையின்றிக் கேட்கவும் அவர்கள் அதை வேண்டினர். மற்றொன்று, அந்தத் தனி நாள் கிடைத்ததனால் பள்ளிவாசலின் பொது அவை அவர்களுக்கு மூடப்படவில்லை. நபியவர்கள் ஜும்ஆ மேடையில் ஓதக் கேட்டே 'காஃப்' அத்தியாயத்தை மனனம் செய்ததாக உம்மு ஹிஷாம் பின்த் ஹாரிஸா (ரலி) அவர்கள் அறிவித்திருப்பது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. ஆக, தனி அவை, பொது அவை ஆகிய இரண்டும் அக்காலப் பெண்களின் கல்விக்குத் துணை நின்றன.

ஆண்டுதோறும் மே மாதத்தில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவந்ததும் நம் மஹல்லாக்களில் எழும் ஒரு கேள்விக்கு இந்தச் செய்தியே தக்க முன்னுரை எனக் கருதுகிறேன். மகளை மகளிர் கல்லூரியில் சேர்ப்பதா, இருபாலரும் பயிலும் கல்லூரிக்கு அனுப்பலாமா என்று ஜும்ஆவுக்குப் பின் தந்தையர் வந்து கேட்பது வழக்கம். ஆகும், ஆகாது என்று ஒரு சொல்லில் தீர்ப்பை எதிர்பார்க்கிறார்கள். அந்தக் கேள்விக்குள் மார்க்கச் சட்டம், கல்வியின் தரம், பயணம், பொருளாதாரம், அந்தப் பெண்ணின் விருப்பம் ஆகிய ஐந்தும் பின்னிக் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சட்டம் சொல்வது எவ்வளவு?

ஃபிக்ஹு நூல்களில் இரு சொற்களை வேறுபடுத்தி அறிய வேண்டும். ஒன்று 'கல்வத்', மஹ்ரமல்லாத ஆணும் பெண்ணும் பிறர் வர இயலாத இடத்தில் தனித்திருத்தல். இது கூடாதென்பதற்குத் தெளிவான நபிமொழி உண்டு. இதில் கருத்து வேற்றுமை இல்லை. மற்றொன்று 'இக்திலாத்', பலர் கூடும் இடத்தில் ஆண்களும் பெண்களும் கலந்திருத்தல். இதற்கு ஒரே தீர்ப்பு இல்லை. பார்வை, உடை, பேச்சு, தொடுகை ஆகியவற்றில் மார்க்கம் வகுத்த வரம்பு மீறப்படுமானால் அது விலக்கப்பட்டது. வரம்பு காக்கப்படும் இடத்தில், ஒரே வளாகத்தில் இருப்பது மட்டுமே குற்றமாகாது. கஃபாவை வலம்வருதலும் கடைவீதியில் கொள்வினை கொடுப்பினை செய்தலும் இதற்குச் சான்றுகள். எனினும் தீமைக்கு இட்டுச்செல்லும் வாயில்களை முன்கூட்டியே அடைக்க வேண்டும் என்னும் நெறியின் அடிப்படையில், இளவயதினருக்குத் தனிக் கல்விக்கூடமே சிறந்தது எனக் கூறும் அறிஞர்கள் பலர் உள்ளனர். அவர்களின் அக்கறை மதிக்கத்தக்கது.

இவ்விரு தரப்பினரும் ஏற்கும் ஓர் அடிப்படை உண்டு. இலக்கை 'மக்ஸத்' என்றும் அதனை அடையும் வழியை 'வஸீலா' என்றும் உஸூல் அறிஞர்கள் பிரிப்பர். இலக்கின் தகுதியைப் பொறுத்தே வழியின் தகுதியும் அமையும். இங்கே இலக்கு, பயனுள்ள கல்வியும் ஒழுக்கப் பாதுகாப்பும். மகளிர் கல்லூரி அவற்றை அடையும் ஒரு வழி. பெரும்பாலும் நல்ல வழி. ஆனால் வழியே இலக்கின் இடத்தில் அமர்ந்துவிட்டால், மகளிர் கல்லூரி என்னும் பெயர் மட்டும் எஞ்சி, கல்வி கைநழுவிப் போகவும் கூடும்.

மகளிர் கல்லூரிகள் திறந்த கதவுகள்

மகளிர் கல்விக்கூடங்கள் நமக்குச் செய்த நன்மையைக் குறைத்து மதிப்பிடலாகாது. 1906ஆம் ஆண்டு ஷைகு அப்துல்லாஹ் அவர்களும் அவர்தம் துணைவியார் வஹீத் ஜஹான் பேகமும் அலீகரில் பெண்களுக்கென ஒரு பள்ளியைத் தொடங்கியபோது எதிர்ப்புக் கடுமையாக இருந்தது. பின்னாளில் அதுவே பல்கலைக்கழகத்தின் மகளிர் கல்லூரியாக வளர்ந்தது. பேகம் ருகையா 1911இல் கல்கத்தாவில் எட்டு மாணவியருடன் தம் பள்ளியைத் தொடங்கினார். மாணவியரை ஏற்றிவர அப்பள்ளி அமர்த்திய வண்டி, காற்றுப் புகாதபடி முற்றிலும் மூடப்பட்டிருந்ததால் சிறுமியர் மயங்கி விழுந்ததையும், திரையைச் சற்று விலக்கியபோது கண்டனக் கடிதங்கள் வந்ததையும் அவரே பின்னர் எழுதியுள்ளார். படிக்க அனுப்புவதா என்பதோடு எப்படி அனுப்புவது என்பதும் அன்றே சிக்கலாக இருந்தது.

தமிழகத்தில் 1914இல் சென்னை அரசு மகளிர் கல்லூரி தோன்றியது. இராணி மேரிக் கல்லூரி என நாம் அறிவது அதுவே. ஆனால் ஊர்ப்புறத்து முஸ்லிம் பெண்ணுக்கு அது எட்டாத தொலைவில் இருந்தது. 1938இல் 'காதலா கடமையா' என்னும் புதினத்தை எழுதி, தமிழ் முஸ்லிம் பெண்களில் முதல் நாவலாசிரியர் எனப் போற்றப்படும் நாகூர் சித்தி ஜுனைதா பேகம் பள்ளியில் பயின்றது மூன்றாம் வகுப்பு வரைதான். தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாதையரின் பாராட்டைப் பெற்ற ஓர் எழுத்தாளருக்குப் பள்ளிக் கல்வி அவ்வளவில் நின்றது. அவரைப் போன்ற அறிவாற்றல் கொண்டு, எழுதும் சூழல் வாய்க்காமல் அடுப்படியிலேயே முடிந்துபோன பெண்கள் எத்தனை பேர் என்பதை எந்த ஏடும் சொல்லாது.

1955இல் நீதிபதி பஷீர் அஹமது சயீத் அவர்களின் முயற்சியால் தென்னிந்தியக் கல்வி அறக்கட்டளையின் மகளிர் கல்லூரி சென்னையில் உருவாயிற்று. இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. 1988இல் சீதக்காதி அறக்கட்டளையின் சார்பில் கீழக்கரையில் தாசிம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரி எழுந்தது. கடற்கரையூர்களின் வழக்கத்தை அறிந்தோர்க்கு இதன் பொருள் விளங்கும். ஊரைவிட்டுப் பெண்ணை வெளியே அனுப்ப மனம் வராத குடும்பங்களின் வாசலுக்கே பட்டப்படிப்பு வந்து சேர்ந்தது. 'மகளிர் கல்லூரி இல்லையென்றால் கல்லூரியே இல்லை' என்றிருந்த வீடுகளில் முதல் பட்டதாரியை உருவாக்கியவை இத்தகைய நிறுவனங்களே.

இன்னொரு நன்மையும் உண்டு. மகளிர் கல்லூரியில் மாணவர் மன்றத் தலைமை, விளையாட்டுத் திடல், ஆய்வகத்தின் முன்வரிசை, விவாத மேடை ஆகிய அனைத்தும் பெண்களுக்கே உரியவை. கூட்டத்தில் பேசக் கூசும் மாணவிக்கு அங்கே நாவு திறக்கும். கேட்டுப் பெற்ற அந்த ஒரு நாளில் 'இருவரை இழந்தவள்' குறித்து வினவிய பெண்ணின் துணிவு இத்தகைய சூழலில் எளிதில் வாய்க்கும்.

பெயர்ப்பலகை காட்டாதவை

இவ்வளவும் உண்மையாயினும், மகளிர் கல்லூரி என்னும் பெயர் ஒன்றைக் கொண்டே முடிவெடுப்பது போதாது. பெற்றோர் பார்க்கத் தவறும் சிலவற்றை இங்கே வரிசைப்படுத்துகிறேன்.

முதலாவது, பாடப்பிரிவு. சிற்றூர்களின் சுயநிதி மகளிர் கல்லூரிகள் பலவற்றில் வணிகவியல், கணினிப் பயன்பாட்டியல், ஆங்கில இலக்கியம் போன்ற சில பிரிவுகளே இருக்கும். இயற்பியலில் ஆர்வம் கொண்ட பெண், அருகிலுள்ள மகளிர் கல்லூரியில் அப்பாடம் இல்லை என்பதற்காக வணிகவியலில் சேர்க்கப்படுகிறாள். மூன்றாண்டுகள் கழித்துப் பட்டம் கிடைக்கும். படிப்பின் மீதிருந்த பற்று மட்டும் போயிருக்கும்.

இரண்டாவது, ஆசிரியர். அரசு உதவி பெறும் பிரிவில் ஆசிரியர் ஊதியத்தை அரசு தருகிறது, கட்டணமும் குறைவு. சுயநிதிப் பிரிவில் இரண்டும் மாணவியர் செலுத்தும் தொகையைச் சார்ந்தவை. ஊதியம் குறைவாக உள்ள இடத்தில் ஆசிரியர்கள் நிலைத்திருப்பதில்லை. சேர்க்கைக்கு முன் கட்டடத்தைச் சுற்றிப் பார்க்கும் தந்தை, துறையில் எத்தனை ஆசிரியர்கள் எத்தனை ஆண்டுகளாகப் பணியாற்றுகிறார்கள், நூலகம் எத்தனை மணிக்கு மூடப்படுகிறது என்று கேட்பது அரிது. நம் முன்னோர் ஒரு மத்ரஸாவைத் தேர்ந்தது அங்கு ஓதிக்கொடுக்கும் ஹள்ரத்தை வைத்தே. ஹதீஸ் கலை மேதை கதீபுல் பக்தாதி (ரஹ்) மக்காவில் ஸஹீஹுல் புகாரீயை ஓதிக்காட்டியது கரீமா அல்மர்வஸிய்யா என்னும் பெண் அறிஞரிடம். ஹிஜ்ரி 463இல் மறைந்த அவ்வம்மையாரிடம் இருந்த துல்லியமே அவரை அங்கே கொண்டு சேர்த்தது.

மூன்றாவது, பயணம். முப்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள மகளிர் கல்லூரிக்கு நாள்தோறும் நெரிசலான பேருந்தில் நின்றபடி சென்று வரும் பெண்ணையும், தெருமுனையிலிருந்து பத்து நிமிடத்தில் நடந்து செல்லக்கூடிய இருபாலர் கல்லூரியில் பயிலும் பெண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கலத்தலைத் தவிர்க்கவே முதலாமவள் தொலைவுக்கு அனுப்பப்பட்டாள். கல்லூரிச் சுவருக்குள் அது தவிர்க்கப்பட்டது. பேருந்துக்குள் இரு மடங்காயிற்று. 2021 மே மாதம் தமிழக அரசின் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் அறிவிக்கப்பெற்றது செலவைக் குறைத்தது. நெரிசலையும் நேரத்தையும் குறைக்கவில்லை. விடுதியில் தங்கிப் படிப்பதாயின் பெண்ணின் பயணம், தங்கல் குறித்த சட்டப் பேச்சும் எழும். மஹ்ரமின்றிப் பயணம் செய்யும் தொலைவைக் குறித்து ஹனஃபீ, ஷாஃபிஈ மத்ஹபுகளிடையே விளக்க வேறுபாடு உண்டு. ஹீராவிலிருந்து ஒரு பெண் அல்லாஹ்வைத் தவிர எவருக்கும் அஞ்சாமல் கஃபாவரை வந்து செல்லும் காலம் வரும் என நபியவர்கள் அதீ பின் ஹாத்திம் (ரலி) அவர்களிடம் முன்னறிவித்ததைக் கொண்டு, பாதுகாப்பையே மையமாகக் கருதிய அறிஞர்களும் உண்டு. அவரவர் மத்ஹபின் ஆலிமிடம் இதனைத் தெளிந்துகொள்ளலாம்.

நான்காவது, கல்லூரியின் உள்ளே நிலவும் சூழல். கர்நாடகத்தின் உடுப்பியில் 2021இன் இறுதியில் தலைமறைவாடை அணிந்த மாணவியர் வகுப்பில் அனுமதிக்கப்படாமல் வெளியே நிறுத்தப்பட்டது ஓர் அரசு மகளிர் புகுமுகக் கல்லூரியில் என்பதை நினைவுகூர வேண்டும். 2022 மார்ச் 15 அன்று கர்நாடக உயர்நீதிமன்றம் அரசின் தடையாணையை உறுதி செய்தது. அக்டோபர் 13 அன்று உச்சநீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் மாறுபட்ட தீர்ப்புகளை வழங்கினர். மறுபுறம், தலையை மறைத்த மாணவியரை எவ்வித உறுத்தலுமின்றி ஏற்கும் இருபாலர் கல்லூரிகள் தமிழகத்தில் பல உள்ளன. ஆகவே பெயரைக் கேட்டு நிம்மதியடையவும் வேண்டாம்; பெயரைக் கேட்டு அஞ்சவும் வேண்டாம். அங்கே பயிலும் இரண்டு மாணவியரிடம் நேரில் கேட்டறிவது பெயர்ப்பலகையைவிட நம்பத்தக்கது.

மகளிர் மருத்துவர் எங்கிருந்து வருவார்?

1890களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் நடந்த நிகழ்ச்சி ஒன்று மருத்துவ வரலாற்றில் புகழ்பெற்றது. அமெரிக்க மருத்துவரின் மகளான ஐடா ஸ்கடர் என்னும் இளம்பெண்ணிடம், ஒருவர்பின் ஒருவராக மூன்று ஆண்கள் வந்தனர். மூவரின் மனைவியரும் பேறுகால வேதனையில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தனர். தம் தந்தையை அழைத்துச் செல்லுமாறு ஐடா கூறினார். ஆண் மருத்துவர் தம் மனைவியைத் தொடுவதை மூவரும் ஏற்கவில்லை. மருத்துவம் பயிலாத ஐடாவால் உதவ இயலவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர். அம்மூவரில் ஒருவர் முஸ்லிம்.

ஐடா மருத்துவம் பயிலப் புறப்பட்டார். முதலில் மகளிர் மருத்துவக் கல்லூரி ஒன்றில் பயின்று, பிறகு பெண்களுக்கு அப்போதுதான் கதவு திறந்திருந்த கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 1899இல் பட்டம் பெற்றார். 1918இல் வேலூரில் பெண்களுக்கென அவர் தொடங்கிய மருத்துவப் பள்ளியே இன்றைய கிறித்தவ மருத்துவக் கல்லூரி. 1947இல்தான் அங்கு ஆண் மாணவர்கள் சேர்க்கப்பட்டனர்.

இந்த வரலாற்றை நம் வீடுகளோடு பொருத்திப் பார்க்க வேண்டும். மனைவியின் பேறுகாலத்திற்குப் பெண் மருத்துவரே வேண்டும் என்கிறோம். அது முறையான விருப்பமே. அதே வீட்டில், மருத்துவக் கல்லூரியில் இருபாலரும் பயில்கிறார்கள் என்பதற்காக மகளின் விண்ணப்பத்தைத் தடுக்கிறோம். நாம் தேடும் அந்தப் பெண் மருத்துவர் பிறர் வீட்டு மகளாகவே இருக்க வேண்டும் என எதிர்பார்ப்பது எவ்வகை நியாயம்? மருத்துவம் பர்ளு கிஃபாயா. ஊரில் ஒருவரும் செய்யாவிடில் ஊரே பொறுப்பாகும். மக்கள் அனைவரும் ஃபிக்ஹின் நுணுக்கங்களில் போட்டியிட்டுக்கொண்டு மருத்துவத்தைக் கைவிட்டதை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவின் கல்விப் பகுதியில் கடிந்துரைத்தது இதே காரணத்தால்தான்.

சட்டத்துறைக்கும் இது பொருந்தும். பத்தனம்திட்டாவில் ராவுத்தர் குடும்பத்தில் 1927இல் பிறந்த ஃபாத்திமா பீவி, திருவனந்தபுரத்தில் பெண்கள் மிகச் சிலரே பயின்ற சட்டக் கல்லூரியில் படித்தார். 1989இல் இந்திய உச்சநீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியானார், 1997 முதல் 2001 வரை தமிழகத்தின் ஆளுநராகவும் விளங்கினார், 2023இல் மறைந்தார். சட்டம் பயிலுமாறு அவரை ஊக்கியவர் அவருடைய தந்தையார் மீரா சாஹிப். தலையை மறைத்த கண்ணியமான தோற்றத்தோடே அவர் அந்த உயரத்தை எட்டினார்.

முடிவு எப்போது, யாரால்?

கல்லூரிக் கேள்வி பன்னிரண்டாம் வகுப்பின் இறுதியில் எழுவதாக நாம் எண்ணுகிறோம். உண்மையில் அது பதினோராம் வகுப்பிலேயே முடிந்துவிடுகிறது. 'குரூப்' என வழங்கும் பாடத்தொகுதியைத் தேரும்போது உயிரியலையோ கணிதத்தையோ விட்டுவிட்ட மாணவிக்குப் பின்னர் மருத்துவமும் பொறியியலும் மூடிய கதவுகள். பதினைந்து வயதில், பெரும்பாலும் அருகிலிருந்த பெண்கள் பள்ளியில் எந்தத் தொகுதி இருந்ததோ அதையே எடுத்த பெண், கல்லூரி வாசலில் 'எனக்கு வேறு வழியில்லை' என்கிறாள். பத்தாம் வகுப்பு முடிந்த கோடையிலேயே இப்பேச்சு வீட்டில் நடைபெற வேண்டும்.

அப்பேச்சில் அந்தப் பெண்ணுக்கு இடம் வேண்டும். பால்குடிக் குழந்தைக்குப் பால் மறக்கச் செய்வதைக்கூடத் தாயும் தந்தையும் மனமொப்பிக் கலந்தாலோசித்துச் செய்ய வேண்டும் என அல்பகரா அத்தியாயம் வழிகாட்டுகிறது. கன்னிப் பெண்ணின் இசைவைக் கேளாமல் நிகாஹ் செய்து வைப்பதை நபியவர்கள் விரும்பவில்லை. இவற்றை ஓதிக்கொடுக்கும் நாம், மூன்று அல்லது ஐந்து ஆண்டுகளை அவள் செலவிடப்போகும் இடத்தை அவளைக் கேளாமல் முடிவு செய்வது எங்ஙனம் பொருந்தும்? மகளிர் கல்லூரியையே அவள் விரும்பலாம். அங்குதான் தன்னால் தடையின்றிப் பேச முடியும் எனக் கூறலாம். அது மதீனத்துப் பெண்கள் கேட்டது போன்ற கேள்வி. மகிழ்ந்து ஏற்க வேண்டியது. தன் பாடம் அங்கில்லை என்றும் அவள் கூறலாம். அதுவும் செவிமடுக்கத்தக்கதே.

சுருங்கக் கூறின், முடிவின் வரிசை இவ்வாறு அமைவது நலம்: முதலில் அவள் எதைக் கற்க விரும்புகிறாள், அதற்கான தகுதி உண்டா என்பது, அடுத்து அப்பாடம் நன்கு கற்பிக்கப்படும் இடங்கள் எவை என்பது, அவற்றுள் பாதுகாப்பாகச் சென்றுவரக் கூடியவை எவை, செலவு தாங்குமா என்பது. இவற்றில் ஒத்து நிற்கும் இரண்டு கல்லூரிகளுள் ஒன்று மகளிர் கல்லூரியாயின் அதையே தேர்க, அதில் ஐயமில்லை. மகளிர் கல்லூரியில் அப்பாடம் இல்லையாயின், ஒழுக்க வரம்பைக் கற்றுக்கொடுத்து, நம்பிக்கையோடு மற்றதற்கு அனுப்புக. அதற்கும் இயலாத இல்லங்களில் அஞ்சல்வழிக் கல்வியேனும் தொடரட்டும். எந்நிலையிலும் 'தக்க மகளிர் கல்லூரி கிடைக்கவில்லை' என்னும் காரணம் படிப்பை நிறுத்துவதற்கான காரணமாக மாறிவிடலாகாது.

சமுதாயச் செல்வர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. புதிய மகளிர் கல்லூரிகளை நிறுவுவதோடு, இருக்கும் கல்லூரிகளில் அறிவியல் பிரிவுகளையும் நல்ல ஊதியம் பெறும் ஆசிரியைகளையும் கூட்டுங்கள்; மருத்துவக் கல்லூரிகளும் சட்டக் கல்லூரிகளும் உள்ள நகரங்களில் நம் பெண்களுக்குப் பாதுகாப்பான விடுதிகளை அமையுங்கள். இவ்விரண்டும் நிறைவேறும் நாளில், ஜும்ஆவுக்குப் பின் வந்து கேட்கும் தந்தையரின் கேள்வியில் பாதி தானே தீர்ந்துவிடும். நம் பெண்மக்களுக்குப் பயனுள்ள கல்வியை வல்ல அல்லாஹ் பெருக்கித் தருவானாக.